மணப்பாடா, குமரியா, கூந்தன்குளமா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

வியாழக்கிழமை ராத்திரி அக்கா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். சனிக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். அவளும் அத்தானும் பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று. ஆக, ஞாயிறு ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. "எங்கயாவது கடல் பக்கமா கூட்டிட்டுப் போடா, ஆச்சியையும் ஏத்திக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனை அத்தானிடம் கொடுத்தாள்.

அத்தானுக்குக் கன்னியாகுமரி. கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டுமாம். பெரியவன் ஏழாம் வகுப்பு, புதிதாகப் பைனாகுலர் வாங்கியிருக்கிறான். அவனுக்குப் பறவை வேண்டும். சின்னவளுக்கு மணலும் தண்ணீரும் இருந்தால் எந்த ஊரானாலும் சரி. ஆச்சிக்கு எண்பத்தொன்று, முழங்கால் வலி. கேட்டால் திருச்செந்தூர் என்பாள் என்று தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை. எனக்கு மணப்பாடு.

பாளையங்கோட்டையில் குடியிருப்பவனுக்கு இந்த வழக்கு வருஷத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அல்வா வாங்கிக் கொடுக்க வேண்டும், கடலைக் காட்ட வேண்டும். எந்தக் கடலை என்பதில்தான் தகராறு. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது திருச்செந்தூர், மணப்பாடு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. இப்போதைய நெல்லை மாவட்டத்துக்கு மிஞ்சியது உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று ஒரு துண்டுக் கரைதான். கன்னியாகுமரி 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பஸ் ஏறுகிறவன் இதையெல்லாம் பார்க்கிறானா? காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்க முடிந்தால் அது நம்ம சீமைதான்.

நான் மூன்று தடவை சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு புரட்டாசியில், விருந்தாளிகளைப் பறவை பார்க்க என்று கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போனேன். குளத்துக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் நின்ற பெரியவர் எங்கள் கேமராவைப் பார்த்துவிட்டு, "மழை பெய்யட்டும், வாங்க" என்றார். அவ்வளவுதான் சரணாலயம். இன்னொரு தடவை மணப்பாட்டுக்குச் செப்டம்பர் பதினாலாம் தேதி போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குத் திருச்சிலுவைத் திருவிழா. ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, கடலைப் பார்க்காமலே திரும்பினோம். மூன்றாவது, சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்குத் தேரிக்காட்டுக்குள் காரை விட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்றும் அருமையான இடங்கள். மூன்றுக்கும் நான் போன வேளைதான் தப்பு. அதனால் இந்தத் தடவை எந்த ஊர் நல்லது என்று அத்தானோடு மல்லுக்கட்டவில்லை. எந்த ஊர் எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு நல்லது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இப்போது தை மாதம் பாதி.

அத்தானின் கன்னியாகுமரியை முதலில் எடுத்துக்கொள்வோம். நாலுவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று வழுக்கிக்கொண்டு போகலாம். சுமார் 85 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வழியில் காற்றாலைகளைப் பார்த்தே பிள்ளைகளுக்குப் பாதி நேரம் போய்விடும். நிலம் முடிகிற முனை என்ற ஒரு கிறக்கம் அந்த ஊருக்கு உண்டு, அதை மறுக்க முடியாது. 1970-ல் திறந்த விவேகானந்தர் மண்டபம், 2000 ஜனவரி முதல் தேதி திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாம் அங்கே இருக்கின்றன. வள்ளுவர் நிற்கிற பீடம் 38 அடி என்பதையும், அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பையன் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பான்.

ஆனால் இந்தப் பாலத்துக்குப் படகில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படகு வரிசையில் நிற்பது ஆச்சியால் ஆகாது. அவளைக் கரையில் ஒரு கடை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போவதற்கு அவளைக் கூட்டிப்போகவே வேண்டாம். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் படகும் கிடையாது. குமரி என்றால் முதல்நாள் ராத்திரியே போய்த் தங்கி, விடியற்காலை சூரியனைப் பார்த்து, முதல் படகில் ஏறி, வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். சித்திரா பௌர்ணமி அன்று சாயங்காலம் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கிற பாக்கியம் அந்த ஊருக்கு உண்டு. அதற்காக ஒரு தடவை தங்கலாம். கார்த்திகை பிறந்து மகரஜோதி முடியும்வரை ஐயப்ப சாமிகள் கூட்டம் இருக்கும், அப்போது வேண்டாம். இப்படிப் பார்த்தால், தங்குவதற்கு ஒரு ராத்திரி இல்லாதவர்களுக்குக் குமரி ஏற்ற ஊர் இல்லை. எங்களிடம் அந்த ராத்திரி இல்லை, அது கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது.

திருச்செந்தூர் ஆச்சியின் ஊர். பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாக ரயிலே போகிறது. கோயிலை ஒட்டிக் கடல், கடலை ஒட்டி நாழிக்கிணறு. உப்புத் தண்ணீருக்கு அடுத்து நல்ல தண்ணீர் ஊறும் அதிசயத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் அங்கே போகிறவன் முருகனைப் பார்க்கப் போகிறான், கடல் அதற்குப் பின்தான். விடுமுறை நாள் தரிசன வரிசை ஒரு பகலை விழுங்கிவிடும். அதனால் அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆச்சியிடம் வைகாசியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியாயிற்று.

உவரியை ஒரு வார்த்தையில் தள்ளிவிட மனம் வரவில்லை. கடலோரம் சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவிலேயே கட்டிய கப்பல் மாதா கோயில் என்று மூன்றும் ஒரே ஊரில் இருக்கின்றன. கரையில் மணல் சில இடங்களில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். அதுதான் தாது மணல். 2013-ல் அரசு அதை அள்ளத் தடை போட்டது. சாமி கும்பிடவும் கால் நனைக்கவும் உவரி போதும். ஆனால் உயரத்தில் நின்று பார்க்க ஒரு மேடு வேண்டும் என்றால் அது உவரியில் இல்லை. வல்லநாடு கடல் பக்கமே இல்லை என்றாலும் பையனுக்காக யோசித்தேன். தூத்துக்குடி சாலையில் அரை மணி நேரம்தான். 1987-ல் வெளிமானுக்காக அறிவித்த சரணாலயம், சுமார் 1,640 ஹெக்டேர் குன்றும் முட்புதரும். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான். நான் மூன்று முறை போய் ஒரே ஒரு முறை, அதுவும் தூரத்தில், கொம்பு மட்டும் பார்த்தேன். பொறுமை இருப்பவர்கள் போகலாம். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போவதற்கான இடம் இல்லை.

மிச்சம் இரண்டு, கூந்தன்குளமும் மணப்பாடும்.

கூந்தன்குளம் மூலைக்கரைப்பட்டி பக்கம், பாளையங்கோட்டையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு 2022-ல் வந்தது. பரப்பு 129 ஹெக்டேர்தான், பெரிய இடமில்லை. ஆனால் அந்த ஊரில் எது குளம், எது தெரு என்று பறவைகளுக்குத் தெரியாது. வீட்டு முற்றத்து மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். அந்த நாரை வாய் திறந்து கத்தாது, அலகைத்தான் கடகடவென்று தட்டும். கத்துவதெல்லாம் குஞ்சுகள். காலையில் கூட்டுக்கு இரை வரும்போது தெரு முழுக்க அந்தச் சத்தம். கீழே ஒரு அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார். மேலிருந்து பாதி மீன் விழும், கோலத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி கூடும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

பறவை வந்தால் மழை உண்டு, வராவிட்டால் ஊருக்கு ஆகாது என்பது அங்கே நம்பிக்கை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிவிடும் என்பதால் அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நம்பிக்கையும் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் பறவைக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொள்வேன். வனத்துறை பலகைகளைவிட அந்த ஊர்த் தெருதான் பையனுக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் இருக்கும். தண்ணீர் குறையத் தொடங்கினால் பூநாரைகள் வரும். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து, தலையில் இரண்டு கறுப்புக் கோட்டோடு, கரையோரம் நம்ம ஊர் வாத்து மாதிரி சாதாரணமாக மேய்ந்துகொண்டிருக்கும். கரண்டிவாயன், நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் கணக்கில்லை. பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. பைனாகுலர் வைத்திருப்பவனுக்கு அதுதான் சிம்மாசனம்.

எல்லாம் தண்ணீர் இருந்தால். மணிமுத்தாறு அணைக்கால்வாயில் தண்ணீர் விட்டு, வடகிழக்குப் பருவமழையும் கைகொடுத்தால், மார்கழி தொடங்கி ஆனிவரை பறவை இருக்கும். இரண்டில் ஒன்று காலை வாரினால் என் புரட்டாசிக் கதைதான். இதைத் தெரிந்துகொள்ள இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மூலைக்கரைப்பட்டியில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டு, "குளத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டால் போதும். நான் வெள்ளிக்கிழமை காலையில் கேட்டேன். "நெறைய கெடக்கு, சத்தம் தாங்கல" என்று பதில் வந்தது.

அங்கே போக வேண்டிய நேரம் விடியற்காலை. ஏழு மணிக்குள் கரையில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வெயில் தண்ணீரில் அடித்துக் கண் கூசும், பறவைகளும் அசைவதை நிறுத்திவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. அதை ஒரு குறையாக முன்பு நினைத்தேன். இப்போது அதுதான் வசதியாகப் போயிற்று.

மணப்பாட்டைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூரிலிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டி, பனங்காட்டுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, தட்டையான நிலத்தின் கடைசியில் திடீரென்று ஒரு மேடு எழும்பும். அதன் உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவைக் கோயில். அந்த மேடு கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே ஏறி நின்றால் ஒரு கையில் ஒரு கடல், மறு கையில் வேறொன்று. தெற்கே திறந்த கடல், அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறும். வடக்கே கருமேனி ஆறு வந்து சேர்கிற கழி. அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும், நீளமாக ஒரு மணல்திட்டு அதைக் கடலிலிருந்து பிரித்துவைத்திருக்கும், வள்ளங்கள் கட்டிக் கிடக்கும். பத்தடி திரும்பி நின்றால் காற்றின் சத்தமே மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தை இந்தக் கரையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாறை என்று சொல்கிறோமே தவிர, அது மணல்தான். காலப்போக்கில் இறுகிக் கல்லான மணல். குனிந்து பார்த்தால் மணல் அடுக்குகள் சாய்வாகத் தெரியும், இடையிடையே சிப்பித் தூள். விரலால் தேய்த்தால் உதிர்கிறது. அதனாலேயே விளிம்புக்குப் பிள்ளைகளை விடக் கூடாது. கீழே அலை அரித்துக் குடைந்த இடங்கள் மேலே நிற்பவனுக்குத் தெரியாது. செல்பி எடுக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

கடல் பக்கமாகப் படி இறங்கினால் ஒரு குகை. சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவர். இங்கே தங்கி ஜெபம் செய்த குகை என்பார்கள். அதற்கு முன் ஒரு சைவ சந்நியாசி இருந்த இடம் என்றும் சொல்கிறார்கள். சவேரியார் 1544-ல் எழுதிய கடிதங்கள் சிலவற்றின் தலைப்பிலேயே மணப்பாடு என்று ஊர்ப் பெயர் இருக்கிறது. குகைக்குள் ஒரு கிணறு, அதில் நல்ல தண்ணீர். நாழிக்கிணற்றின் அதிசயம் இங்கேயும் உண்டு, வரிசை இல்லாமல். மேலே இருக்கும் கோயில் 1581-ல் எழும்பியது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக நட்டதிலிருந்து கதை தொடங்குகிறது. முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் மணப்பாடும் ஒன்று. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர் என்று மற்ற ஆறும் வடக்கே வரிசையாக இருக்கின்றன. ஊருக்குள் நடந்தால் பெரிய பெரிய பழைய வீடுகள், பாதிக்குப் பூட்டு. பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிற பெண்களும் இருக்கிறார்கள். வாங்குவதானால் அங்கே வாங்குங்கள், சந்தையில் வாங்காதீர்கள்.

இந்தக் கரை மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தது. 1989-ல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம் கன்னியாகுமரி வரை நீள்கிறது. அதன் பவளத் தீவுகள் தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கின்றன, நாம் நினைத்தபடி இறங்க முடியாது. மணப்பாட்டில் அந்தக் கடலின் ஓரத்தை மட்டும் பார்க்கிறோம். கழியின் ஆழமில்லாத தண்ணீரில் கொக்கும் ஆலாவும் இரை தேடுவதைப் பார்க்கலாம். அலைச்சறுக்கு பழகுகிறவர்களும் வருகிறார்கள்.

குறைகள்? உண்டு. சாப்பிட நல்ல கடை கிடையாது, கட்டுச்சோறு எடுத்துப் போக வேண்டும். மேட்டில் மரமில்லை. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அங்கே நிற்பவனை வெயில் ஒரு பக்கமும் வெள்ளை மணல் மறுபக்கமும் வறுத்து எடுத்துவிடும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சின்னப் பிள்ளைகள் அழுதுவிடும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் திருவிழா. கீழ்க்கரை என்பதால் சூரியன் கடலில் இறங்காது. உதிப்பது கடலில், மறைவது பனங்காட்டில். அத்தான் மாதிரிப் போட்டோக்காரர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கோ, சாயங்கால வெயில் கழித் தண்ணீரில் படுத்து, பனைகள் கறுத்து நிற்பதுதான் பிடித்த காட்சி. விடியற்காலை அல்லது மூன்று மணிக்கு மேல், நடுவில் வேண்டாம்.

சரி, கூந்தன்குளம் காலை ஏழுக்கு, மணப்பாடு மூன்றுக்கு. ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை. மூலைக்கரைப்பட்டியிலிருந்து சாத்தான்குளம், உடன்குடி வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். இத்தனை வருஷம் இரண்டையும் இதுவா அதுவா என்று எதிரெதிராக வைத்துச் சண்டை போட்டிருக்கிறோம்! கஷ்டம் நடுவில்தான். பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை ஆச்சியையும் சின்னவளையும் எங்கே வைப்பது?

இங்கேதான் தேரிக்காட்டுக் கதை. உடன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் மேற்கே குதிரைமொழித் தேரி. செக்கச் சிவந்த மணல் மேடு மேடாகப் படர்ந்து கிடக்கும். மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு பூசியது போலப் படிந்ததால் அந்தச் சிவப்பு. காற்று கொண்டுவந்து குவித்த மணல், இன்னமும் காற்றுக்கு இடம் மாறுகிறது. இந்தத் தேரிகளில் கற்கால மனிதர்களின் சிறு கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் காட்டத்தான் அந்தச் சித்திரை மாதம் காரை உள்ளே விட்டேன். தார் ரோட்டிலிருந்து இருபதடிகூடப் போகவில்லை, பின் சக்கரம் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. இறங்கித் தள்ளலாம் என்றால் மணல் செருப்புக்குள் புகுந்து காலைப் பொசுக்குகிறது. கடைசியில் ஒரு பனையேறி அண்ணாச்சி சைக்கிளில் வந்தார். ஒன்றும் சொல்லாமல் டயர் காற்றைப் பாதி இறக்கச் சொன்னார். காய்ந்த பனை மட்டைகளை நாலு இழுத்துவந்து சக்கரத்துக்கு முன்னால் பல் கீழே இருக்கும்படி குத்திவைத்தார். "மெதுவா, மிதிக்காம விடுங்க" என்றார். முதல் தடவையிலேயே வண்டி மேலே ஏறிவிட்டது. காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "தேரிக்கு இந்நேரம் நாங்களே வரமாட்டோம்" என்றார். அதுதான் அவர் வாங்கிக்கொண்ட கூலி என்று தோன்றியது.

தேரியை மத்தியானத்தில் தள்ளிவிட வேண்டும், ஆனால் தேரிக்குள்ளேயே மத்தியானத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுற்றிலும் செம்மணல் காந்தும்போது, அங்கே ஒரு சுனையும் அதைச் சுற்றி மரங்களும் நிழலுமாக இருக்கும். மழைத் தண்ணீரை மணல் குடித்து வைத்துக்கொண்டு தாழ்வான இடத்தில் ஊறவிடுகிறது. கட்டுச்சோற்றைப் பிரித்து, ஆச்சியைப் படுக்கவைத்து, பிள்ளைகளை விட்டுவிடலாம். பங்குனி உத்திரத்தன்று மட்டும் வேண்டாம். சாத்தா கோயில் என்று அன்று சீமையே அங்கே திரண்டிருக்கும்.

வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி. பதநீருக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் தையில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக ரோட்டோரம் விற்பார்கள். குலசேகரன்பட்டினம் பக்கமாகச் சுற்றினால் பையனுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர் அது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து நேரே தெற்கே கடல்தான். தசராவுக்கு வேஷம் கட்டுகிற குலசையில் ராக்கெட்டும் வரப்போகிறது.

யாருக்கு எது என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இது. கையில் ஒரு ராத்திரி இருந்து, வந்தவர்கள் முதல் தடவையாகத் தெற்கே வருகிறவர்கள் என்றால் கன்னியாகுமரி, யோசிக்கவே வேண்டாம். ஒரே பகல், சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் கூட இருந்தால் மணப்பாடு, மூன்று மணிக்கு மேல். குளத்தில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் அதற்கு முன்னால் கூந்தன்குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாத மாதங்களில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து மத்தியானம் கிளம்புங்கள். கார் இல்லாதவர்களுக்குக் கூந்தன்குளம் கஷ்டம், விடியற்காலை பஸ்ஸை நம்ப முடியாது. அவர்கள் ரயிலில் திருச்செந்தூர் போய் அங்கிருந்து பஸ்ஸில் மணப்பாடு போவதுதான் சுகம். ஆனி, ஆடியில் கேட்டால் கடலே வேண்டாம் என்பேன். குற்றாலத்தில் சாரல் விழும்போது யார் மணலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள்?

வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தானுக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஏழுக்குள் கூந்தன்குளம், பதினொன்றரைக்கு அய்யனார் கோயில், மூன்றுக்கு மணப்பாடு. ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரயில் போய்விடும். "அப்போ சூரியன் மறையறதும் பாக்க முடியாதா?" என்றார். திரும்பும் வழியில் பனங்காட்டுக்குள் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கண்ணாடிப் பாலம் எங்கயும் போயிடாதுல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆச்சியிடம் போய்ச் சொன்னபோது பறவையையும் கேட்கவில்லை, சவேரியாரையும் கேட்கவில்லை. "அங்க உக்கார எடம் உண்டாடே?" என்றாள்.

மூன்று மணிக்கு மேல் கோயிலுக்குக் கிழக்கே சுவர் நிழல் விழும், கடலும் அந்தப் பக்கம்தான். மடக்கு நாற்காலி ஒன்றை இப்போதே டிக்கியில் போட்டுவைத்துவிட்டேன்.